ஆண் ஹார்மோன் அடங்கியும் பிஎஸ்ஏ ஏறியபோது

அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் எலும்பு வரை பரவியிருந்தது. காலம் முழுக்க ஆண் ஹார்மோனை அடக்கும் ஊசி போடுவதைவிட, அதைச் சுரக்கும் விரைகளையே எடுத்துவிடலாம் என்று அவரே முடிவு செய்தார். இந்த நோயின் போக்கைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவான பிஎஸ்ஏ மளமளவென்று இறங்கியது, முதுகு வலியும் விட்டது. அப்புறம் பிஎஸ்ஏ மெல்ல ஏறத் தொடங்கியது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனோ டெசிலிட்டருக்கு 20 நானோகிராமுக்கும் கீழேதான். "ஹார்மோனே இல்லையே டாக்டர், எதைத் தின்று வளருது?" என்று அப்பா கேட்டார்.

டாக்டர் சொன்ன பதிலை இந்தக் குழுவில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். விரைகள் போனாலும் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பி மூலப்பொருளைச் சுரந்துகொண்டே இருக்கிறது. புற்றுச்செல் அதைத் தனக்குள்ளேயே ஆண் ஹார்மோனாக மாற்றிக்கொள்கிறது. ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பிகளையும் ஏராளமாகப் பெருக்கிக்கொள்வதால் துளி கிடைத்தாலும் அதற்குப் போதும். ரத்தத்தில் அடங்கிவிட்டது என்பதால் கட்டிக்குள்ளும் அடங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. ஆண் ஹார்மோனை அடக்கினால் இந்த நோய் சுருங்கும் என்று மருத்துவர் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இல் காட்டினார், 1966இல் நோபல் பரிசும் பெற்றார். அவர் காட்டிய வழி அப்பாவுக்கு இன்னும் அடைபடவில்லை என்பதே எங்களுக்குப் பெரிய தெம்பு. அந்த உள் உற்பத்தியையும் தடுக்கும் அபிராடெரோன் கொடுத்தார்கள், கூடவே ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. அபிராடெரோனை வெறும் வயிற்றில்தான் போட வேண்டும். ரத்த அழுத்தம், பொட்டாசியம் இரண்டையும் விடாமல் பாருங்கள்.

மேலே எழுதிய அண்ணனுக்கு: என் மாமனாருக்கு நடந்தது வேறு. ஆண் ஹார்மோன் ஏற்பியைத் தடுக்கும் பைகாலுடமைடு மாத்திரை சாப்பிடும்போதே பிஎஸ்ஏ ஏறியது, மாத்திரையை நிறுத்தியதும் இறங்கியது! ஏற்பியின் மரபணு திரிந்துபோனால், தடுக்க வந்த மருந்தையே செல் ஹார்மோனாக எடுத்துக்கொள்ளுமாம். சிலருக்கு ஹார்மோன் ஒட்டும் பகுதியே இல்லாத ஏற்பி உருவாகும், அதை ஏஆர்-வி7 என்கிறார்கள். அது ஹார்மோன் இல்லாமலே வேலை செய்யும். யாரும் தானாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், டாக்டர் சொல்லித்தான் நாங்கள் நிறுத்தினோம்.

மேலே எழுதிய இருவருக்கும்: என் கணவருக்குப் பிஎஸ்ஏ ஏறவே இல்லை, அதை நம்பி நிம்மதியாக இருந்தோம். பசி போய் உடம்பு இளைத்ததும் ஸ்கேன் எடுத்தார்கள், கல்லீரலில் கட்டிகள். மறுபடி பயாப்சி செய்ததில் செல்கள் நியூரோஎண்டோகிரைன் என்ற வேறு வகையாக மாறியிருந்தன. இந்த வகை ஆண் ஹார்மோனை நம்பியே இருப்பதில்லை, பிஎஸ்ஏவும் அதிகம் சுரக்காது. இப்போது கார்போபிளாட்டின் கீமோ போகிறது. தயவுசெய்து பிஎஸ்ஏ எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். உடம்பு இளைத்தால், புதிதாக வலி வந்தால் ஸ்கேன் வேண்டுமா என்று கேளுங்கள்.