[கலைச்சொல்] 'இன்ஃபினிட்டி பாட்டில்' தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

எழுதியவர்: பரிதி

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

வீட்டில் மீந்து கிடக்கும் மதுவை வைத்துக் காக்டெய்ல் கலப்பது பற்றிய சிறு கையேடு ஒன்று என்னிடம் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஐந்து சொற்கள் இழுக்கின்றன.

காக்டெய்ல்: அப்படியே விடலாமா?
ஷேக், ஸ்டிர்: 'குலுக்கு', 'கலக்கு' என்று போட்டிருக்கிறேன்.
டைலூஷன்: ஐஸ் உருகி மதுவில் சேரும் நீர். 'நீர்த்துப்போதல்' என்று இப்போதைக்கு.
இன்ஃபினிட்டி பாட்டில்: ஒவ்வொரு விஸ்கிப் பாட்டிலின் அடியிலும் நிற்கும் ஐம்பது, நூறு மில்லியை ஒரே பாட்டிலில் சேர்த்து வைப்பது, அதிலிருந்து எடுக்க எடுக்க வேறு மிச்சங்களை ஊற்றிக்கொண்டே போவது. 'முடிவிலிப் புட்டி' என்று எழுதினேன். மெய்ப்புப் பார்த்தவர் "இது கணக்குப் புத்தகமா?" என்று ஓரத்தில் குறித்திருக்கிறார்.

படத்துக்குக் கீழே ஓர் அங்குல இடந்தான். நீளமான சொல் தாங்காது.

எழுதியவர்: தொல்லோன்

பரிதிக்கு,

காக்டெய்லுக்குச் சொல் நம் வீட்டிலேயே இருக்கிறது. புறநானூறு 24: பனங்குரும்பை நீர், கரும்பின் தீஞ்சாறு, தாழைத் தீநீர் (தாழை இங்கே தெங்கு) மூன்றையும் 'உடன் விராஅய் முந்நீர் உண்டு' என்கிறார் மாங்குடி கிழார். விரவுதல் என்னும் வினை கையில் இருக்க, கடன் எதற்கு? விரவுமது. வினைத்தொகை; விரவியது, விரவுவது, இனி விரவப்போவது எல்லாம் அடங்கும்.

மது, புளிப்பு, இனிப்பு மூன்றும் கூடும் 'சவர்' வகைக்கு முந்நீர் என்றே பெயரிடலாம். மிச்சத்துக்கு எச்சம்: எச்சமது. முற்றுப்பெறாமல் நிற்பதுதானே எச்சம், இலக்கணமும் இசைகிறது. வீட்டில் ஆக்குவதற்கும் பெரும்பாணாற்றுப்படை 'இல்லடு கள்ளின் தோப்பி' என்று சான்று தருகிறது.

எழுதியவர்: யாழோன்

ஐயா, எச்சமது வேண்டாம். வாசிக்கிறவருக்குக் காக்கை நினைவு வரும். எச்சிலும் தொலைவில் இல்லை. மிச்சம் என்றாலே எல்லாருக்கும் விளங்கும்.

புறம் 24இல் உள்ள மூன்றிலும் மது எங்கே? அது பழரசக் கலவை. இன்னொன்று: புட்டி என்று எங்கள் பக்கம் யாரும் சொல்வதில்லை, போத்தல்தான். அதுவும் ஐரோப்பியர் வழி வந்தது என்று தொல்லோன் ஐயா பாயுமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

எழுதியவர்: மங்கை

> சவர் வகைக்கு முந்நீர்

மூன்றில்லை ஐயா, நான்கு. 40 விழுக்காட்டு மது 60 மில்லி, எலுமிச்சைச் சாறு 22, சர்க்கரையும் நீரும் சம அளவில் கரைத்த பாகு 22. கூட்டினால் 104 மில்லி, வலிமை 23 விழுக்காடு. குலுக்கும் குவளை நிறைய ஐஸ் போட்டுப் பன்னிரண்டு நொடி ஓங்கிக் குலுக்கி வடித்தால் 145 மில்லிக்கு அருகில் வரும். கூடிய நாற்பதும் நீர். வலிமை 17க்கு இறங்குகிறது. அந்த நீரைக் கழித்துவிட்டால் மது தொண்டையில் எரியும், பாகு திகட்டும். 1806இல் ஓர் அமெரிக்கச் செய்தித்தாளில் வந்த காக்டெய்ல் விளக்கமே சாராயம், சர்க்கரை, நீர், கசப்புச் சாறு என்று நான்கைத்தான் சொல்கிறது. நீர் அப்போதே கூட்டில் உண்டு.

ஆகவே 'நீர்த்துப்போதல்' கூடாது பரிதி. அது வசைச்சொல். அதைப் படிப்பவர், மது கெட்டுப்போகிறதே என்று ஐஸைக் குறைப்பார். குறைத்தால் நேர் எதிராகத்தான் நடக்கும்: இரண்டு துண்டு ஐஸ் குளிர்விக்கத் திணறி முழுதும் உருகிவிடும், பானம் வெதுவெதுப்பாகவும் சப்பென்றும் நிற்கும். பள்ளி வேதியியலில் 'நீர்த்த அமிலம்' என்று படித்தவர்கள்தானே நாம். 'நீர்ப்பு' என்றால் குற்றம் சாட்டாமல் அளவைச் சொல்லும்.

அதைவிடத் தவறு 'கலக்கு'. சாறு, பால், முட்டை இல்லாத பானத்தைத்தான் ஸ்டிர் செய்கிறார்கள். விஸ்கி 60, வெர்மூத் (மூலிகை மணமூட்டிய திராட்சை மது) 30, கசப்புச் சாறு இரண்டு சொட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கரண்டியின் முதுகு கண்ணாடிச் சுவரை ஒட்டியபடி, ஐஸ் எல்லாம் ஒரே கட்டியாகச் சுற்றிவர, முப்பது நொடி. காற்று புகக்கூடாது. இதையே குலுக்கினால் குமிழும் ஐஸ் துணுக்கும் ஏறி மங்கிவிடும். தெளிவு கெடாமல் செய்யும் வேலைக்குக் 'கலக்கு' என்றா பெயர்? குட்டையைக் கலக்குவதற்கும் அதே சொல்தானே. 'சுழற்று' என்று போடுங்கள். கை என்ன செய்ய வேண்டும் என்பது சொல்லிலேயே இருக்கிறது.

எழுதியவர்: தொல்லோன்

கலக்கு தவறு, ஒப்புக்கொள்கிறேன். கலங்கல் என்பதே தெளிவின் எதிர்ச்சொல். புறம் 392இல் 'தேட்கடுப் பன்ன நாட்படு தேறல்' வருகிறதே, அந்தத் தேறலே தெளிந்ததால் பெற்ற பெயர். ஆனால் சுழற்று எதற்கு? குறள் 64இல் 'சிறுகை அளாவிய கூழ்' இருக்கிறது. அளாவு. துழாவு என்றும் ஒன்று உண்டு. அளாவு, துழாவு, உழாவு இவற்றின் 'ஆவு' ஈறு ஒரு பரப்பைத் தடவிச் செல்லும் இயக்கத்தைக் குறிப்பதாக நெடுநாளாக எனக்கோர் எண்ணம். உலாவு, தாவு, மேவு (இது சற்று விலகும்)...

எழுதியவர்: மங்கை

கூழை அளாவியது குழந்தையின் கை. இங்கே கை குவளைக்குள் போகக்கூடாது ஐயா. துழாவுவது அடிபிடிக்கும் கெட்டிப் பண்டத்தை.

எழுதியவர்: நடத்துநர்

தனி மடலில் ஓர் உறுப்பினர் கள்ளுண்ணாமை அதிகாரத்தை நினைவூட்டியிருக்கிறார். எல்லாரும் படித்ததுதான். இப்படியொரு கையேடு வரலாமா என்பது இந்த இழையின் பொருளன்று. 'ஆவு' ஈற்றையும் தனி இழைக்குக் கொண்டுபோகவும்.

எழுதியவர்: கணக்கன்

முடிவிலி என்ற சொல்லை ஏளனம் செய்யாதீர்கள். 700 மில்லிப் பாட்டில் ஒன்றில் ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒரு பங்கை எடுத்து, அதே அளவு வேறு மதுவை ஊற்றுவதாகக் கொள்ளுங்கள். முதலில் இருந்த விஸ்கியின் பங்கு ஐந்தாம் முறைக்குப் பின் 13 விழுக்காடு. பத்தாம் முறைக்குப் பின் 1.7 விழுக்காடு, அதாவது 12 மில்லி. கணக்குப்படி அது ஒருநாளும் சுழியமாகாது. பெயர் வைத்தவர் தெரிந்தோ தெரியாமலோ சரியாகத்தான் வைத்திருக்கிறார்.

எழுதியவர்: யாழோன்

அப்படியென்றால் ஷெரி என்னும் ஸ்பானியத் திராட்சை மதுவைச் செய்கிறவர்களின் 'சொலேரா'வும் இதுதானே? கடன் வாங்குவதானால் அந்த அழகான சொல்லை வாங்கலாம்.

எழுதியவர்: மங்கை

அதுவன்று. சொலேராவில் பீப்பாய்கள் வரிசை வரிசையாக இருக்கும். விற்பனைக்குக் கீழ்வரிசையிலிருந்து ஒரு பகுதியை மட்டும் எடுப்பார்கள். அந்தக் குறையை மேல்வரிசை நிரப்பும், மேல்வரிசையை அதற்கும் மேலது. மரத்துக்குள் இருப்பதால் மது முதிரவும் செய்கிறது. கண்ணாடிப் பாட்டிலுக்குள் எதுவும் முதிராது, கலக்க மட்டுமே செய்யும். அந்தப் பெயரைப் போட்டால் மூடி வைத்தாலே சுவை கூடும் என்று வாசகர் நம்பிவிடுவார்.

சொல் எதுவானாலும் செய்முறையோடு முட்டக்கூடாது என்பதால் பரிதிக்குச் சில குறிப்புகள். முதலில் பாட்டிலில் ஊற்றவே கூடாது. நினைத்த விகிதத்தில் பத்து மில்லிக் கலவை ஒன்றைச் சிறு குவளையில் செய்து, கால் மணி நேரம் விட்டுச் சுவைக்க வேண்டும். பொருந்தினால்தான் பாட்டில். புகைமணம் உள்ள விஸ்கியைக் கடைசியில், தேக்கரண்டிக் கணக்கில் சேர்க்க வேண்டும். முப்பது மில்லி போதும், முழுப் பாட்டிலையும் பிடித்துக்கொள்ளும். பிறகு வேறு எதை எவ்வளவு ஊற்றினாலும் புகை முன்னால் நிற்கும்.

வலிமையைக் கணக்கிட்டுக் கழுத்தில் ஒரு சீட்டு கட்ட வேண்டும். 40 விழுக்காட்டில் 200 மில்லி, 46இல் 150, 57இல் 50 சேர்த்தால் 400 மில்லி, வலிமை 44.4. இங்கே ஒரு சிக்கல் வரும். குளிர்வடிப்பு (குளிர்வித்து வடிகட்டுதல்) செய்யாத விஸ்கி கலவையில் இருந்து, வலிமை 46க்குக் கீழே இறங்கினால் குளிரில் மங்கலாகத் தெரியலாம். மதுவில் கரைந்திருந்த கொழுப்பமிலச் சேர்மங்கள் பிரிவதுதான் அது, கேடில்லை. சோம்பு வாசனை மதுக்களில் நீர் பட்டதும் வெண்மை படர்வதும் இந்த இனம்தான், அங்கே பிரிவது வாசனை எண்ணெய். இதைக் கெட்டுவிட்டதென்று கொட்டுகிறவர்கள் உண்டு.

உண்மையாகவே கெடுவது வேறு. வெர்மூத் திராட்சை மதுவின் இனம். திறந்தபின் குளிர்பெட்டியில் வைத்தாலும் ஒன்றிரண்டு மாதம்தான். க்ரீம் லிக்கர் (பாலேடு சேர்த்த இனிப்பு மது) இந்தப் பாட்டில் பக்கமே வரக்கூடாது. அதை எலுமிச்சையோடு குலுக்கினாலும் பாற்புரதம் புளிப்பில் திரண்டு கட்டிகட்டியாக நிற்கும். இனிப்பு லிக்கர்களையும் பாட்டிலில் சேர்க்காமல் அன்றன்றைக்குக் குவளையிலேயே தீர்ப்பது நல்லது: ஆரஞ்சு லிக்கர் மீந்திருந்தால் பாகை விட்டுவிட்டு மது 45, லிக்கர் 22, எலுமிச்சை 22. சோடா, நுரைமது போன்ற குமிழிப் பானங்களைக் குலுக்கும் குவளைக்குள் போடவே கூடாது, மூடி தெறிக்கும்; வடித்த பிறகு மேலே ஊற்ற வேண்டும்.

கடைசியாக, பாட்டிலில் பாதிக்குமேல் எப்போதும் மது இருக்கட்டும். காற்றிடம் பெருகினால் மணம் தேய்ந்துவிடும். நிரப்ப எதுவும் இல்லையென்றால் சிறிய பாட்டிலுக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொரு சேர்ப்புக்குப் பிறகும் ஒரு வாரம் விட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

எழுதியவர்: தொல்லோன்

மங்கையம்மா மடலைப் படித்ததும் தெரிந்தது, எல்லாம் நன்னூல் சொன்ன விகாரங்கள்தாம். வெண்மை தோன்றல், க்ரீம் திரிதல், வெர்மூத் கெடுதல்.

பெயருக்கு வருகிறேன். அமுதசுரபி. அள்ள அள்ளக் குறையாத கலம். இதைவிட என்ன வேண்டும்?

எழுதியவர்: யாழோன்

பசிப்பிணி தீர்த்த பாத்திரம் அது, ஐயா. பௌத்தக் காப்பியம் வேறு. அதில் விஸ்கியை ஊற்றினால் மணிமேகலை மட்டுமல்ல, நமது வாசகரும் பொறுக்கமாட்டார். அட்சயம் என்று இன்னொருவர் தொடங்குமுன்: வடசொல், அதே சிக்கல்.

எழுதியவர்: தொல்லோன்

சரி, வற்றாக் குப்பி. வற்றாத என்பது ஈறு கெட்டு வற்றா. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தின் பின் வல்லினம் மிகும். பரிதி, அந்தக் 'க்'கை அச்சில் விழுங்கிவிடாதீர்கள். குப்பி எல்லா நாட்டாருக்கும் தெரிந்த சொல், போத்தல் சண்டையும் ஓயும்.

எழுதியவர்: மங்கை

ஓசை நன்றாக இருக்கிறது. ஆனால் நிரப்பாவிட்டால் வற்றும். கையேட்டின் அந்தப் பக்கமே நிரப்பச் சொல்லித்தான் எழுதப்பட்டிருக்கிறது. தலைப்பு வற்றாது என்று வாக்குக் கொடுக்கிறது. அதோடு, எதையும் ஊற்றலாம் என்ற எண்ணத்தையும் இந்தப் பெயர் தரும். சேர்ப்பதுதான் செயல் என்றால் 'சேர்குப்பி' ஆகாதா?

எழுதியவர்: கணக்கன்

ஊறுகாய் போல 'ஊறுகுப்பி'?

எழுதியவர்: தொல்லோன்

ஊறு என்றால் தீங்கும் ஆகும். மதுக்குப்பியின்மேல் அப்படி எழுதினால் எச்சரிக்கை வாசகம் என்று நினைப்பார்கள்.

எழுதியவர்: பரிதி

அனைவருக்கும் நன்றி. விடிந்தால் வெள்ளி. இதுவரை வந்த மடல்களையும் தனி மடல்களையும் எண்ணிப் பார்த்ததில்: காக்டெய்ல் அப்படியே இருக்கட்டும் என்பவர்களே மிகுதி (விரவுமது ஒரு வாக்கு). குலுக்கு, சுழற்று, நீர்ப்பு ஆகியவற்றுக்கு எதிர்ப்பு அடங்கிவிட்டது. கடைசிச் சொல்லுக்குச் சேர்குப்பி ஐந்து, வற்றாக் குப்பி நான்கு, முடிவிலி ஒன்று. சேர்குப்பி என்று அனுப்புகிறேன். முதல் முறை வரும் இடத்தில் 'இன்ஃபினிட்டி பாட்டில் என்னும் சேர்குப்பி' என்று இருக்கும். இல்லாவிட்டால் யாருக்கும் புரியாது என்று பதிப்பாளர் சொல்லிவிட்டார்.

எழுதியவர்: தொல்லோன்

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளவும். சேர் என்பது ஓர் எடை. 'ஒரு சேர் கொள்ளும் குப்பி' என்று பொருள் கொள்வாரைத் தடுக்க இந்தச் சொல்லில் எதுவுமில்லை.

அளவை என்றதும் நினைவு வந்தது. மதுவை அளக்கும் சிறு குவளையான ஜிகருக்கு என்ன போட்டீர்கள், பரிதி? பழைய முகத்தலளவையில் ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. ஆழாக்கை 168 மில்லி என்று கொண்டால் ஒரு செவிடு 33.6. முப்பது மில்லி ஜிகருக்கு இதைவிட நெருக்கமாக வேறெதுவும் வராது.

எழுதியவர்: யாழோன்

"இரண்டு செவிடு ஜின்" என்று அச்சில் வந்தால் யாருக்குக் காது கேட்கவில்லை என்று கேட்பார்கள், ஐயா.

எழுதியவர்: மங்கை

இரண்டு செவிட்டுக்கு ஏழு மில்லி கூடுகிறது. அந்த ஏழுக்கு எலுமிச்சையும் பாகும் ஏறக்குறைய மூன்று மூன்று மில்லி கூட வேண்டும். 'அளவுக் குவளை' என்று போட்டுவிட்டு அனுப்புங்கள், பரிதி.

எழுதியவர்: தொல்லோன்

செவிட்டுக்குத் தனி இழை தொடங்கியிருக்கிறேன்.