‘முக்கூடல் வீடு’ குழுவில் ஒரு புள்ளி

திங்கள்

சுடலை: இன்றிலிருந்து சிகரெட்டை விட்டாச்சு. பஸ்ஸில் முதல் டிரிப் எடுக்கப் போகிறேன். ஏன், எதற்கு என்று யாரும் கேட்க வேண்டாம். பூப்படமும் அனுப்ப வேண்டாம்.

செல்லம்மாள் அக்கா: [ரோஜாப்பூ படம்: இந்த நாள் இனிய நாள்]

செல்லம்மாள் அக்கா: ஏல, அது தினமும் அனுப்புகிற படம், உனக்கு இல்லை. நல்ல காரியம்யா. குறுக்குத்துறை முருகன் துணை இருப்பான்.

சங்கரலிங்கம் அத்தான்: மாப்பிள்ளை, போன வருசமும் இதே செய்தி வந்த மாதிரி ஞாபகம்.

இசக்கி: அத்தான், அண்ணன் போன வருசம் விட்டதும் நிஜம்தான். நான் மட்டும் முதல் தடவையிலேயே விட்டேனா?

மாரிச்செல்வி: சின்ன மாமா சொல்வது சரி. முதல் தடவையிலேயே விடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். சுடலை மாமா, வண்டி நின்ற பிறகு இதைப் படியுங்கள். கடைசிச் சிகரெட் முடிந்த 20 நிமிடத்தில் நாடித் துடிப்பு இறங்கத் தொடங்கும். ஒரு நாளுக்குள் ரத்தத்தில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு இயல்புக்கு வந்துவிடும். ஆனால் உடம்பு நிக்கோட்டின் கேட்டு அடம்பிடிப்பது இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சம். எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை, மலச்சிக்கல் எது வேண்டுமானாலும் வரலாம். இரண்டிலிருந்து நாலு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பேச்சி: அப்போ நாளைக்கும் நாளை மறுநாளும் நான் அம்மா வீட்டுக்குப் போய் வரட்டுமா செல்வி?

சங்கரலிங்கம் அத்தான்: ஒரேயடியாக விட்டால் உடம்பு தாங்காது மாப்பிள்ளை. கொஞ்ச நாள் பீடிக்கு மாறு. வெறும் இலையும் தூளும்தானே.

மாரிச்செல்வி: அப்பா, பீடி இலை சீக்கிரம் எரியாது. அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும், அத்தனை புகையும் நெஞ்சுக்குள் போகும். பீடி எந்த விதத்திலும் சிகரெட்டை விட லேசு இல்லை.

செல்லம்மாள் அக்கா: (போனில் பேசினால் அதுவே எழுதுகிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்) பீடியைப் பற்றி இந்த வீட்டில் எனக்குத் தெரியாததா? சுளகை மடியில் வைத்து நானும் அம்மையும் இலை வெட்டி, தூள் வைத்து, சுற்றி, நூல் கட்டிப் பீடிக்கடையில் கொண்டு போய்ப் போட்டோம். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு கட்டுக்குள் ஒரு பீடி உடைந்திருந்தாலும் கழித்துவிடுவான். அந்தக் காசில்தான் நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போனீர்கள். அம்மைக்குக் கடைசி வரை இருமல். அவள் ஒரு பீடியைக்கூட வாயில் வைத்தவள் இல்லை, தூள் நெடிக்கே அந்தப் பாடு. நம்மைச் சோறு போட்டு வளர்த்த தொழிலை நான் குறை சொல்லமாட்டேன். சுற்றினது போதும், பிடிக்கவும் செய்யணுமா?

இசக்கி: அத்தான் ஆஃப்லைனுக்குப் போய்விட்டார்.

செவ்வாய்

பேச்சி: மைனி, காலையில் சொதியில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாக. பிள்ளைகள் பக்கத்தில் போகவே பயப்படுகிறார்கள்.

செல்லம்மாள் அக்கா: இரண்டாம் நாள் அப்படித்தான் இருக்கும் என்று செல்வி சொன்னாளே. பொறுத்துக்கோ தாயி.

இசக்கி: அண்ணன் எப்படி இருக்கு மைனி? சாப்பிட்டதா?

செல்லம்மாள் அக்கா: தூங்கினானா?

சுடலை: நானும் இந்தக் குரூப்பில்தான் இருக்கிறேன். நீங்கள் எழுதுவதை எல்லாம் படிக்கிறேன்.

சுடலை: காலையிலிருந்து ஆளுக்கொரு போன். “எப்படி இருக்கு? பிடிக்கணும் போல இருக்கா?” ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் மறந்திருந்தது ஞாபகம் வருது. அந்தப் பேச்சையே எடுக்காமல் இருந்தால் பெரிய உதவி.

இசக்கி: சரி. அப்போ ஒரு யோசனை. நான் விட்டபோது கூட வேலை பார்த்த ஒருவர் செய்தது. தவிப்பு வரும்போது இங்கே ஒரு புள்ளி மட்டும் போடு. யார் சும்மா இருக்கிறோமோ அவர் உடனே உனக்குப் போன் போடுவார். சிகரெட் என்ற சொல்லே வரக்கூடாது. ஊர்க்கதை, மழை, மாடு, சீட்டுப் பணம், எதுவானாலும் சரி. ஐந்து பத்து நிமிஷம் ஓட்டினால் போதும், அந்த வேகம் இறங்கிவிடும். திரும்ப வந்தால் திரும்பப் புள்ளி.

மாரிச்செல்வி: நல்ல யோசனை. வண்டி ஓடும்போது மட்டும் வேண்டாம் மாமா. ஸ்டாண்டில் நின்ற பிறகு.

சுடலை: ராத்திரி வந்தால்?

இசக்கி: எனக்கு இந்த மாசம் நைட் ஷிப்ட். ராத்திரி என் பொறுப்பு.

பேச்சி: நாக்குக்கு ருசி திரும்ப வரும் என்கிறார்களே செல்வி, உண்மையா?

மாரிச்செல்வி: ஆமாம் அத்தை, சில நாளிலேயே தெரியும்.

பேச்சி: அப்போ சொதியில் நிஜமாகவே உப்பு இல்லையோ என்னவோ.

புதன்

சுடலை: .

சங்கரலிங்கம் அத்தான்: நான் போடுகிறேன்.

சுடலை: நேற்று மேலப்பாளையம் சந்தையில் கிடா என்ன விலைக்குப் போனது, தரகன் துண்டுக்குள் விரலை எப்படி மடக்கினான் என்று அத்தான் விடாமல் சொன்னார். கண்டக்டர் விசில் ஊதின பிறகும் விடவில்லை. கிடா வாங்கினாரா என்றுதான் கடைசி வரை தெரியவில்லை.

செல்லம்மாள் அக்கா: வாங்கவில்லை. வேடிக்கை பார்க்கப் போன ஆள்.

சுடலை: தென்காசி ஸ்டாண்டில் டீதான் எமன். கிளாஸ் கைக்கு வந்ததும் இன்னொரு கை சட்டைப் பைக்குப் போகுது. புதுக் கண்டக்டர் பையன் வேறு ‘அண்ணாச்சி, ஒண்ணு’ என்று நீட்டுகிறான்.

இசக்கி: பஸ் ஸ்டாண்டில் பிடித்தால் 200 ரூபாய் வரை அபராதம் என்று சொல்லிப் பார். 2008-ல் இருந்தே பொது இடத்தில் தடை.

சுடலை: அதைச் சொன்னால் சுவருக்குப் பின்னால் கூட்டிப் போகிறான்.

மாரிச்செல்வி: டீயையும் காபியையும் பாதியாகக் குறைத்துப் பாருங்கள் மாமா. சிகரெட் புகை இருந்தவரை உடம்பு காஃபீனை வேகமாகக் கழித்தது. இப்போது அதே இரண்டு டீ அதிக நேரம் ரத்தத்தில் நிற்கும். படபடப்புக்கும் தூக்கம் வராததற்கும் அது ஒரு காரணம்.

செல்லம்மாள் அக்கா: பாவூர்சத்திரத்தில் பனங்கிழங்கு வந்திருக்கும், தை வரப் போகுதே. அவித்த கிழங்கு ஒரு கட்டு வாங்கி வண்டியில் வை. நார் உரிக்கவே நேரம் போகும், கைக்கும் வேலை, பல்லுக்கும் வேலை. செல்வி சொன்ன மலச்சிக்கலுக்கும் நல்லது.

சங்கரலிங்கம் அத்தான்: வெற்றிலை பாக்கு போட்டாலும் வாய்க்கு வேலைதான்.

மாரிச்செல்வி: அப்பா! பாக்கு மட்டுமே வாய்ப் புற்றுநோய் தரும், புகையிலை சேரவே வேண்டாம். கிழங்கே போதும்.

வியாழன்

சுடலை: செல்வி, சிகரெட்டுக்குப் பதிலாக மெல்லச் சொல்லி நீ சொன்ன நிக்கோட்டின் கம் வாங்கினேன், 2 மில்லிகிராம். மென்றதிலிருந்து ஒரே விக்கல், தொண்டை எரிச்சல். பயணிகள் சிரிக்கிறார்கள்.

மாரிச்செல்வி: பபிள்கம் மாதிரி மென்றீர்களா?

சுடலை: வேறு எப்படி மெல்வது?

மாரிச்செல்வி: மெதுவாக நாலைந்து கடி. காரமோ சுருக்கென்றோ தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். அது அடங்கினதும் மறுபடி மெதுவாக. அரை மணி நேரம் வரை வரும். மருந்து வாய்த் தோல் வழியாகப் போக வேண்டும், எச்சிலோடு விழுங்கினால் விக்கலும் எரிச்சலும்தான் மிஞ்சும். கம் போடுவதற்குக் கால் மணி முன்னாலும், வாயில் இருக்கும்போதும் டீ, காபி, ஜூஸ் வேண்டாம். உங்களுக்குப் பிரஷர் மாத்திரை இருக்கு, அதனால் டாக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரி மனநலப் பிரிவிலும் கேட்கலாம்.

சுடலை: மனநலமா? ஊரில் என்ன பேசுவார்கள்?

மாரிச்செல்வி: பழக்கத்தை விட அங்கேதான் உதவி கிடைக்கும் மாமா, பைத்தியம் என்று அர்த்தம் இல்லை. போக விருப்பம் இல்லையென்றால் 1800-11-2356, கட்டணம் இல்லாத எண், தமிழிலும் பேசுவார்கள். சிகரெட் அட்டையிலேயே அச்சடித்திருக்கும்.

சங்கரலிங்கம் அத்தான்: அட, ஆமாம். இப்போதுதான் பார்க்கிறேன்.

மாரிச்செல்வி: எதில் பார்த்தீர்கள் அப்பா?

சங்கரலிங்கம் அத்தான்: [இந்தச் செய்தி நீக்கப்பட்டது]

வெள்ளி, பின்னிரவு 2:47

சுடலை: .

இசக்கி: போடுகிறேன்.

காலை 6:05

பேச்சி: இசக்கித் தம்பி, ராத்திரி என்ன பேசினீர்கள்? திண்ணையில் உட்கார்ந்து அப்படிச் சிரித்தாக. எதிர் வீட்டு நாய் எல்லாம் குரைத்தது.

இசக்கி: பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை மைனி. அதற்கு மேல் சொல்லக்கூடாது.

சுடலை: இருமல் இப்போது அதிகமாக இருக்கு செல்வி. விட்ட பிறகு ஏன் கூடணும்? சளி வேறு.

மாரிச்செல்வி: மூச்சுக்குழாயில் அழுக்கைத் தள்ளிவிடும் சின்னச் சின்ன மயிரிழைகள் உண்டு. புகையில் அவை முடங்கிக் கிடந்தன, இப்போது வேலையை ஆரம்பிக்கின்றன. கொஞ்ச நாள் இப்படி இருக்கலாம், வெந்நீர் குடியுங்கள். சளியில் ரத்தமோ, நெஞ்சுவலியோ, காய்ச்சலோ இருந்தால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி.

ஞாயிறு

சங்கரலிங்கம் அத்தான்: மாப்பிள்ளை, மத்தியானம் சாப்பிட வந்துவிடுங்கள், கூட்டாஞ்சோறு. வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், நான் விடப் போவதில்லை. ஆனால் நீ இருக்கும்வரை வீட்டிலும் வாசலிலும் பிடிக்கமாட்டேன். தீப்பெட்டியும் கண்ணில் படாது.

சுடலை: அது போதும் அத்தான்.

மாரிச்செல்வி: எனக்குப் போதாது. அது பிறகு.

இசக்கி: அடுத்த வாரம் பொங்கல் ஸ்பெஷல், அண்ணனுக்குக் கூடுதல் டிரிப். பகலில் யார் போன் போடுவது?

செல்லம்மாள் அக்கா: காலையில் நான். உலை வைத்த நேரத்தில் புள்ளி போட்டால் பேச்சி.

பேச்சி: வீட்டில் பேசாததையா போனில் பேசப் போகிறேன்? சரி, போடுகிறேன்.

சங்கரலிங்கம் அத்தான்: சாயங்காலம் நான். ஆட்டுக் கதை இன்னும் பாக்கி இருக்கு.

சுடலை: ஆட்டுக் கதை மட்டும் வேண்டாம் அத்தான்.

இசக்கி: நான் போகிக்கு முந்தின நாள் வந்துவிடுவேன். திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி உன் வண்டியில்தான் ஏறுவேன். முன் சீட்டில் துண்டு போட்டு வை.

சுடலை: வா. டிக்கெட் மட்டும் எடுத்துவிடு, வழியில் செக்கிங் ஏறுவார்கள்.