இன்டர்பிளெக்சிஃபார்ம் செல்லுக்கு தமிழ்ல என்ன பேரு வைக்கலாம்?

வணக்கம் எல்லாருக்கும். நரம்பியல் விஞ்ஞானி ஜான் டௌலிங்கோட விழித்திரை ஆராய்ச்சி பத்தி ஒரு கட்டுரை எழுதிட்டிருக்கேன். கூம்பு செல், குச்சி செல், இருமுனை செல், கிடைமட்ட செல் வரைக்கும் வண்டி ஓடிருச்சு, இன்டர்பிளெக்சிஃபார்ம்ங்குற இன்னொரு விழித்திரை நரம்பு செல்ல வந்து முட்டிக்கிட்டு நிக்குது. இப்போதைக்கு "இடைப்பின்னல் செல்"னு போட்டு வச்சிருக்கேன். சரியா வருமா?

---

> இப்போதைக்கு "இடைப்பின்னல் செல்"னு

தம்பி, தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா அது வெறும் விலாசம்தான். விழித்திரையில செல்லுங்களோட இழைங்க பின்னிக்கிற அடுக்கு ரெண்டு இருக்கு, வெளிய ஒண்ணு, உள்ள ஒண்ணு, அந்த ரெண்டுக்கும் நடுவுல கிடக்குற செல்னு மட்டும்தான் அந்தப் பேர் சொல்லுது. அது என்ன வேலை பாக்குதுன்னு கண்டுபிடிக்கத்தானே அந்த மனுஷன் இவ்வளவு வருஷம் உக்காந்தாரு.

டௌலிங் ஆரம்பிச்சது ஹார்வர்டுல ஜார்ஜ் வால்டு லேப்ல, வைட்டமின் ஏ இல்லாத சாப்பாடு போட்டு எலிக்கு மாலைக்கண் வர வச்சுப் பாத்தாங்க, 1960ல வந்த பேப்பர்ல வைட்டமின் ஏ அமிலம் மட்டும் குடுத்தா எலி நல்லா வளருது ஆனா கண்ணு போயிருதுன்னு காட்டினாங்க, அதுவே பெரிய விஷயம். அப்புறம்தான் செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு எப்படிப் பேசிக்குதுங்குற பக்கம் திரும்பினாரு. 1966ல பிரையன் பாய்காட்டோட சேந்து எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல குரங்கு, மனுஷ விழித்திரைகள்ல எந்த செல் எதைத் தொடுதுன்னு வரைபடம் மாதிரி எடுத்தாங்க. 1969ல ஃப்ராங்க் வெர்ப்ளினோட சேந்து மட்பப்பிங்குற சாலமாண்டரை (பல்லி மாதிரி இருக்குற நீர்நில உயிரி) எடுத்துக்கிட்டாங்க, அதுக்கு செல் எல்லாம் பெருசு பெருசா இருக்கும், ஊசிமுனை எலக்ட்ரோடை உள்ளயே சொருகி ஒவ்வொரு வகை செல்லும் வெளிச்சத்துக்கு என்ன பண்ணுதுன்னு பதிவு பண்ணிட்டாங்க. வெளியடுக்குல இருக்குற செல்லுங்க நரம்புன்னா நாம நினைக்கிற பட்பட்னு துடிப்பு விடுறதே இல்ல, மின்னழுத்தம் மெல்ல ஏறி இறங்குறதோட சரி. துடிப்பெல்லாம் உள்ளடுக்குல குறுக்கே இணைப்பு குடுக்குற அமாக்ரைன் செல்கிட்ட வரும்போதுதான் தலை காட்டுது. எனக்கு அவரோட வேலையிலயே ரொம்பப் பிடிச்சது இதுதான்.

சரி, நம்ம செல்லுக்கு வருவோம். 1975ல பெர்ண்ட் எஹிங்கரும் இவரும் தங்கமீன்லயும் செபஸ் குரங்குலயும் இந்த செல்லோட இணைப்புகளைப் பாத்தாங்க. சிக்னல் பொதுவா வெளியடுக்குல இருந்து உள்ளடுக்குக்குத்தான் போகும், இது மட்டும் உள்ள அமாக்ரைன்கிட்ட சேதி வாங்கி வெளியடுக்குக்குத் திருப்பிக் கொண்டு போகுது. மீன்ல அது டோபமைன்ங்குற நரம்பு ரசாயனத்தைக் கொண்டுபோய் விடும், விட்டா கிடைமட்ட செல்லுங்களுக்கு நடுவுல இருக்குற நேரடி மின்தொடர்பு குறைஞ்சிரும், ஒவ்வொண்ணும் பாக்குற வட்டம் சுருங்கிரும். இதை 1985ல பெர்ச் மீனோட செல்லுங்களை ஜோடியா தனியா பிரிச்சு வச்சே காட்டிட்டாங்க.

அதனால என் ஓட்டு "எதிரேறு செல்"லுக்கு. புதுத்தண்ணி வந்தா மீன் எதிரேறும்னு ஊர்ல சொல்லுவோம்ல, வைகையில ஏடு எதிரேறி நின்ன இடம்தான் திருவேடகம்னும் சொல்லுவாங்க, சொல் புழக்கத்துலயே இருக்கு. "பின்னூட்ட செல்" மட்டும் வேணாம் சாமி, ப்ளாக் கமெண்ட்டுக்கு அதை எப்பவோ குடுத்தாச்சு. தவிர கிடைமட்ட செல்லும் கூம்பு செல்லுக்குப் பின்னூட்டம் குடுக்குது, அமாக்ரைன் இருமுனைக்குக் குடுக்குது, அப்போ எல்லாமே பின்னூட்ட செல்தான்.

---

அண்ணே, எதிரேறு நல்ல சொல், ஆனா "எதிரேறு செல்"னு எழுதினா யாரையோ "எதிரேறு, செல்!"னு விரட்டுற மாதிரி இருக்கு 😀 இருமுனை செல், கூம்பு செல்லுக்கு இந்தப் பிரச்சனை வரல, முன்னாடி இருக்குறது பெயர்ச்சொல். இங்க வினை வந்து உக்காந்துக்குது.

இன்னொண்ணு, பறவைகளுக்கு மூளையில இருந்தே விழித்திரைக்குத் திரும்பி வர்ற நரம்பிழை இருக்கு. அதுவும் எதிரேறுதுதானே? நாளைக்கு அதுக்கு ஒருத்தர் பேர் கேட்டா என்ன பண்ணுவீங்க?

---

முதல் விஷயம் ஒத்துக்கிறேன் அக்கா, "எதிரேறு நரம்பணு"ன்னு வச்சா விரட்டல் போயிரும். ரெண்டாவது, அது மூளையில கிளம்பி வெளிய இருந்து வர்றது, இது விழித்திரைக்குள்ளயே பிறந்து அங்கயே அடுக்கு மாறுறது. அதுக்கு "மூளைவரு இழை"ன்னு ஏதாவது தனியா பாத்துக்கலாம், இதோட மோதாது.

---

"எதிரேறு நரம்பணு" போட்டுர்றேன் அண்ணே, முதல் தடவை வர்ற இடத்துல பக்கத்துலயே இன்டர்பிளெக்சிஃபார்ம்னும் எழுதிர்றேன், இல்லன்னா படிக்கிறவங்க எதைத் தேடுறதுன்னு முழிப்பாங்க. அமாக்ரைனை அப்படியே விட்டுரவா?

---

விட்டுருங்க. கிரேக்கத்துல அதுக்கு "நீள இழை இல்லாதது"ன்னு அர்த்தம், காஹால் வச்ச பேரு, ஆனா நீள இழை உள்ள அமாக்ரைனே பின்னாடி கிடைச்சிருச்சு. தமிழ்ல "நீளிழையிலி"ன்னு வேற மாத்தி அந்தத் தப்பை நாமளும் ஏன் தூக்கிச் சுமக்கணும். வேணும்னா தனித் திரி ஆரம்பிங்க, அங்க சண்டை போட்டுக்கலாம்.