தராசில் பூச்சியம் காட்டிய லினக்ஸ்: மலிவுச் சிப்பை எதற்குப் பாவித்தீர்கள்?

சம்மாந்துறைக்காரன்:
பெரும்போக அறுவடை நேரம். நெல் ஆலை ஒன்றின் தராசுக்குத் தமிழில் நிறைத் துண்டு (ரசீது) அடித்துத் தர வேண்டும் என்றார் முதலாளி. 58 மில்லிமீற்றர் ரசீதுப் பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றுக்குத் தமிழ் பிடிபடாது. எழுத்தாக அனுப்பினால் கொம்பும் காலும் சிதறிக் கிடக்கும். படமாக்கி அனுப்ப வேண்டும். அதற்குத்தான் எஃப்1சி200எஸ் என்ற சிப். அப்போது ஓரிரண்டு டொலருக்கு ஏஆர்எம்9 செயலியும் 64 மெகாபைட் நினைவகமும் ஒரே உறைக்குள். ஒரு பக்கம் தராசு நிறையை அனுப்பும் ஆர்எஸ்-232 இணைப்பு, மறுபக்கம் யூஎஸ்பி பிரிண்டர், நடுவில் பில்ட்ரூட் என்ற கருவியால் கட்டிய சின்ன லினக்ஸ் இயங்குதளம். எழுத்தைப் படமாக்கும் பாங்கோ நூலகம் 384 புள்ளி அகலத்தில் வரைந்து கொடுக்க, ‘மொத்த நிறை’ என்று பிசகாமல் வந்தது.

கூலியைச் சொன்னேன். முதலாளி பேசவில்லை. போர்டைக் கழற்றித் தரச் சொன்னார். வாங்கி, மூட்டை வைக்கும் தட்டில் வைத்தார். திரையில் 0.0. “தம்பி, தராசே கணக்குச் சொல்லிவிட்டது” என்றார். மூட்டை தூக்கும் நாட்டாமைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்த 0.0 இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. உங்களுக்கெல்லாம் எப்படி?

ஏறாவூர் வாசி:
காக்கா, கோபிக்க வேண்டாம். துண்டு அடிக்க லினக்ஸ் எதற்கு? லினக்ஸ் இல்லாமலே ஓடும் சின்னச் சிப் இஎஸ்பி32 தாராளமாகப் போதும். வேண்டிய சொற்களை முன்கூட்டியே படமாக்கி ஏற்றிவிட்டால், மிச்சம் வெறும் இலக்கம்தானே. வைஃபையும் கூடவே கிடைக்கும்; உங்கள் சிப்பில் அதுவும் இல்லை, ஈதர்நெட்டும் இல்லை. இறால் குளத்தில் நீருக்குக் காற்றேற்றும் சுழலி நின்றால் அலறும் கருவி ஒன்று செய்தேன். மின்சாரம் வந்த கணமே அது விழித்துக்கொள்ளும். லினக்ஸ் என்றால் எழும்பிச் சோம்பல் முறித்துத்தான் வேலைக்கு வரும்.

வந்தாறுமூலை மாணவி:
முன்கூட்டியே ஏற்றும் சொற்களில் நெல் கொண்டு வருகிறவர்களின் பெயர்களும் அடங்குமா அண்ணா? பெயர் இல்லாத துண்டை எந்தப் போடியார் வாங்குவார்?

நான் தொட்டது தம்பிச் சிப், எஃப்1சி100எஸ், 32 மெகாபைட்தான். சூடான காற்றில் ஈயம் இளகியதும் 88 கால் சிப் ஒரு கணம் மிதந்து, தானாகவே திரும்பி, தன் இடத்தில் குந்திக்கொண்டது. கையே படவில்லை! பிறகு எஸ்டி அட்டைகூடப் போடாமல் யூஎஸ்பியில் செருகினேன். மடிகணினி அடையாளம் கண்டது. தொடங்க மென்பொருள் எதுவும் கிடைக்காவிட்டால் இந்தச் சிப் யூஎஸ்பி வழியே காத்திருக்கும். செய்த பொருள் உருப்படியாக எதற்கும் உதவவில்லை என்பது வேறு கதை.

கல்லடி ஓய்வூதியர்:
பிள்ளைகளே, பாடசாலை ஒன்றுக்கு என் மருமகன் மணி அடிக்கும் கருவி செய்தார். காலையில் மின்வெட்டு. பத்து மணிக்கு மின்சாரம் வந்ததும், தனிக் கடிகாரம் இல்லாத கருவி, லினக்ஸ் நேரத்தை எண்ணத் தொடங்கும் 1970 ஜனவரி 1, காலை 5.30 என்று கண் விழித்தது. உச்சி வெயிலில் காலை வழிபாட்டு மணி அடிக்க, சின்ன வகுப்புப் பிள்ளைகள் ஓடிவந்து வரிசையில் நின்று தேவாரம் தொடங்கிவிட்டார்கள்.

ஆகவே சொல்கிறேன். டிஎஸ்3231 கடிகாரச் சிப் ஒன்றை நாணய பற்றரியோடு சேர்க்காமல் எதையும் வெளியே கொடுக்காதீர்கள். லினக்ஸ் இருக்கும் பகுதியை வாசிக்க மட்டும் என்று பூட்டுங்கள், அதற்கு ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற கோப்பு முறை நல்லது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் எஸ்டி அட்டையின் கதை முடிந்தது. 2022இல் இலங்கையில் நாளுக்கு 13 மணி நேரம்வரை இருட்டில் இருந்தவர்கள் நாம், மறந்துவிடாதீர்கள். கருவியின் இயக்கப் பதிவுகளை நினைவகத்தில் வைத்து, கணக்கு வழக்கை மட்டும் தனிப் பகுதியில் எழுதுங்கள். தொங்கினால் தானாக மீளத் தொடக்கும் வாட்ச்டாக் கட்டாயம், தொங்கிப்போன கருவியைத் தட்டி எழுப்ப நீங்கள் அங்கே இருக்கப்போவதில்லை. வாவிக் கரை என்றால் உப்புக்காற்றுக்குப் போர்டின் மேல் காப்புப் பூச்சும் வேண்டும். ஆலை என்றால் உமித்தூசி, அதற்கு மூடிய பெட்டி. இன்னொன்று, பிரிண்டருக்குத் தனி மின்வழங்கி...

சம்மாந்துறைக்காரன்:
ஐயா, இதெல்லாம் போட்டாகிவிட்டது. நான் சொன்னது கூலிக் கதை.

வாழைச்சேனை மீன் வாடி:
எங்கள் தராசின் பின்னால் ஒன்பது ஊசி ஆர்எஸ்-232 துளை இருக்கிறது. நொடிக்கு 9600 பிட் வேகத்தில் வைத்துப் பார்த்தேன், ஓர் எழுத்தும் வரவில்லை. சிப்பின் கால்களுக்கு நேரே கம்பி இழுத்திருக்கிறேன்.

சம்மாந்துறைக்காரன்:
உடனே கழற்றுங்கள்! சிப் 3.3 வோல்ட், ஆர்எஸ்-232 அதைவிட எவ்வளவோ கூட, எதிர் மின்னழுத்தமும் வரும். நடுவில் மின்னழுத்தத்தை மாற்றித் தரும் மாக்ஸ்3232 சிப் வையுங்கள். அப்படியும் வராவிட்டால் 2, 3ஆம் ஊசிகளை மாற்றிப் பாருங்கள்.