ஊர்ப் படங்கள், இணைப்புகள்: எல்லோருக்கும் திறக்கும்படி அனுப்புவது எப்படி

அன்பு உறவுகளுக்குக் கொழும்பிலிருந்து வணக்கம்.

பள்ளிக்கூடத்துப் பழைய படங்களும் கோயில் படங்களும் நாலா பக்கத்திலிருந்தும் வந்துகொண்டிருக்கின்றன. தேடி எடுத்து அனுப்புகிற ஒவ்வொருவருக்கும் நன்றி. 1995 இடப்பெயர்வின்போது அல்பங்களை வீட்டிலேயே விட்டுவிட்டு வெளிக்கிட்ட குடும்பங்கள் நம்மூரில் எத்தனையோ. ரொறன்ரோவில் ஓர் அக்காவின் அலுமாரியில் கிடக்கும் படம்தான் மிஞ்சியிருக்கும் ஒரே பிரதியாக இருக்கக்கூடும். அப்படிப்பட்ட படம் திறக்காமல் போவதும், இணைப்பு பாதியில் அறுந்து நிற்பதும் மனதுக்குக் கஷ்டம். ஊரில் இருக்கிற பெரியவர்கள் பேரப்பிள்ளையின் பழைய போனில், ரீலோட் பண்ணின கொஞ்ச டேட்டாவில்தான் இவற்றைப் பார்க்கிறார்கள். அவர்களுக்குத் திறந்தால் லண்டனிலும் ஒஸ்லோவிலும் திறக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இணைப்பு. முகவரி முடிந்த இடத்திலேயே ‘இல் பாருங்கள்’, ‘ஐ வாசியுங்கள்’ என்று ஒட்டி எழுதுவது நம்மிடையே அதிகம். தமிழில் எழுதுகிறவருக்கு அது இயல்பாக வருவது. ஆனால் முகவரி எங்கே முடிகிறது என்பது பல செயலிகளுக்குத் தெரியாது. ஒட்டியிருக்கும் ‘இல்’லையும் முகவரிக்குள் சேர்த்துக்கொண்டு இல்லாத பக்கத்தைத் தேடிப் போகும். கடைசியில் வைக்கும் முற்றுப்புள்ளியும் அடைப்புக்குறியும் சில இடங்களில் இதே வேலையைச் செய்யும். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டு, முகவரியைத் தனி வரியில் வையுங்கள். அந்த வரியில் வேறொன்றும் வேண்டாம்.

தமிழிலேயே இருக்கும் முகவரிகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு பக்கத்தின் முகவரியைப் பிரதி எடுத்து ஒட்டினால், நீளமாகச் சதவீதக் குறிகளும் எண்களும் வந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். யுனிகோடை இணையத்தில் எழுதும் முறையில் (UTF-8) ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் (கணினியின் சிறு சேமிப்பு அலகு). முகவரிக்குள் ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாக விரியும். ஆக ஒரு குறிக்கு ஒன்பது எழுத்து. ‘வெள்ளவத்தை’ என்ற சொல்லில் கொம்பு, புள்ளி எல்லாம் சேர்த்துப் பத்துக் குறிகள், எனவே 90 எழுத்து. மின்னஞ்சலில் ஒரு வரி 78 எழுத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்கிறது அதன் தரநிலை. ஊர்ப் பெயர் ஒன்றே வரியை நிரப்பி வழிந்தால் பழைய மென்பொருள்கள் அதை இரண்டாக உடைத்துவிடும். முதல் துண்டு மட்டும் நீல நிறமாகும். பார்க்க வடிவாக இருக்கட்டும் என்று தமிழ் எழுத்திலேயே முகவரியை அனுப்பினால், சில செயலிகள் முதல் புள்ளியிலோ கொம்பிலோ இணைப்பை வெட்டிவிடுகின்றன. எனவே அந்த நீளமான வடிவத்தையே அனுப்புங்கள், அதன் இரு பக்கமும் கோண அடைப்புக்குறி (< >) போடுங்கள். 2005இல் வெளியான இணைய முகவரித் தரநிலையே இந்த வழியைப் பரிந்துரைக்கிறது. பல மென்பொருள்கள் வரி உடைந்தாலும் அடைப்புக்குறிக்குள் இருப்பதை ஒன்றாக எடுத்துக்கொள்ளும்.

நீளத்துக்குப் பயந்து சுருக்க முகவரி செய்து அனுப்ப வேண்டாம் என்று மன்றாட்டமாகவே கேட்கிறேன். கூகிள் தன் சுருக்க முகவரிச் சேவையில் புதியவை தருவதை 2019இல் நிறுத்தியது. 2025 ஆகஸ்டில், நடமாட்டம் இல்லாத பழைய சுருக்கங்களும் செத்துப்போயின. யூடியூப் தரும் குறுகிய முகவரிக்கு இந்தப் பயம் இல்லை, அது அவர்களுடையதே. அதில் கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் வாலை வெட்டிவிடலாம். நீளமான யூடியூப் முகவரியில் மட்டும் கவனம்: காணொளியை அடையாளம் காட்டும் 11 எழுத்துகள் அங்கே கேள்விக்குறிக்குப் பின்னால்தான் இருக்கும்.

இணைப்புக்கு மேலே அது என்ன என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். ‘இங்கே அழுத்தவும்’ என்பது போதாது. கண் பார்வை குறைந்தவர்கள் திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் மென்பொருள்) வைத்து இணைப்பிலிருந்து இணைப்புக்குத் தாவிக் கேட்பார்கள். அவர்கள் காதில் ‘இங்கே, இங்கே’ என்றுதான் விழும். அதோடு இணையத்தில் இடங்கள் மூடப்படுவது வழக்கம். வலைப்பக்கங்கள் வைத்திருந்த ஜியோசிட்டீஸ் 2009இல் போனது, படங்கள் வைத்திருந்த பிக்காசா 2016இல் போனது. தலைப்பும் ஆண்டும் எழுதியிருந்தால் வேறெங்காவது தேடி எடுக்கலாம். 2005 முதல் நம் நூல்களையும் மலர்களையும் மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் தளத்தில் ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு நூலக எண் இருக்கிறது. அங்கிருந்து எதையாவது காட்டினால் அந்த எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.

கூகிள் டிரைவில் போடுகிறவர்கள், ‘இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று அனுமதி கொடுத்தீர்களா என்று பாருங்கள். உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் (உங்கள் கணக்கில் நுழையாத Incognito சாளரம்) திறந்து பார்த்தால் அடுத்தவருக்கு என்ன தெரியும் என்பது விளங்கிவிடும்.

இனிப் படம். இன்றைய போன் எடுக்கும் 12 மெகாபிக்சல் படம் 4000 பிக்சல் அகலமும் 3000 உயரமும் கொண்டது. மின்னஞ்சலில் இணைக்கும்போது எந்தக் கோப்பும் மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். 3 எம்பி படம் 4 எம்பியாகத்தான் போய்ச் சேரும். பார்ப்பதற்கு 1600 பிக்சல் அகலம் தாராளம், பிக்சல் கணக்கில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. ஐபோன்காரர்கள் ஜேபெக் (JPEG) வடிவத்துக்கு மாற்றி அனுப்புங்கள்; 2017க்குப் பிறகு ஐபோன் எடுக்கும் வடிவம் எல்லாக் கணினியிலும் திறப்பதில்லை. வீட்டையும் பிள்ளைகளையும் எடுத்த படமென்றால் எடுத்த இடத்தைக் காட்டும்படி கோப்புக்குள் பதிந்திருக்கும் இடக் குறிப்பை நீக்கிவிடுங்கள்.

ஆனால் சேமித்து வைப்பதற்கு மூலப் படம்தான் வேண்டும், குறைக்காமல். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நசுக்கப்படும், எடுத்த திகதியும் உள்ளேயிருந்து அழிந்துபோகும். ‘ஆவணம்’ என்பதைத் தெரிவுசெய்து அனுப்பினால் உள்ளபடியே வரும்.

மரண அறிவித்தல், திருவிழா அறிவித்தல் இரண்டையும் படமாக மட்டும் அனுப்பாதீர்கள். சிறிய திரையில் எழுத்து தெரியாது, திரைவாசிப்பான் வாசிக்காது, பிறகு தேடினாலும் கிடைக்காது. சில அலுவலக மின்னஞ்சல்கள் படத்தை மறைத்தே வைக்கும். பெயர், திகதி, நேரம், இடம், தொடர்பு எண் ஆகியவற்றைக் கீழே தட்டச்சு செய்யுங்கள். பாமினியில் அடிக்கிறவர்கள் யுனிகோடுக்கு மாற்றி அனுப்புங்கள். அந்த எழுத்துரு இல்லாதவர்களுக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரிகிறது. எழுத்து நிறைந்த ஸ்கான் பக்கங்களுக்கு பிஎன்ஜி வடிவம் நல்லது. ஜேபெக்கில் எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல் வரும்.

படத்தின் கீழே ஆண்டு, இடம், நிற்பவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாக வரிசை வரிசையாக எழுதுங்கள். தெரியாதவர் இருந்தால் ‘மூன்றாமவர் தெரியவில்லை’ என்றே எழுதுங்கள். மெல்பேர்ணில் இருக்கிற ஒரு மாமா பார்த்துச் சொல்லிவிடுவார். ஆண்டு திட்டமாகத் தெரியாவிட்டால் ‘1970களில்’ என்று போட்டாலும் உதவும். ஊகித்து எழுதுவதை ஊகம் என்று குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் பிறகு வருகிறவர்கள் அதை உறுதி என்று எடுத்துக்கொள்வார்கள்.

அல்பத்தில் ஒட்டியிருக்கும் படத்தைப் பிளாஸ்டிக் தாளுக்கு மேலால் பிளாஷ் அடித்து எடுக்க வேண்டாம், வெள்ளைப் பொட்டுத்தான் விழும். ஜன்னல் வெளிச்சத்தில், நேர் மேலே பிடித்து எடுங்கள். ஸ்கான் செய்ய முடிந்தால் சிறிய படங்களுக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) வையுங்கள். இரண்டுக்கு மூன்று அங்குலப் படம் அப்போது 1200க்கு 1800 பிக்சல் வரும், பெரிதாக அச்சிடலாம். ஒட்டிப் பிடித்துக்கொண்ட படங்களை இழுத்துப் பிரிக்காதீர்கள், அல்பத்தோடேயே ஸ்கான் பண்ணலாம். கொழும்புக்கு வருகிறவர்கள் கையோடு கொண்டுவந்தால், வெள்ளவத்தையில் ஸ்கான் பண்ணி அன்றைக்கே திருப்பித் தர நாங்கள் இருக்கிறோம்.

அன்புடன்,
கொழும்புக் கிளையிலிருந்து