போர்ச்சுகல், பிரேசில் சாப்பாடு: யார் கையால், எப்படிச் சாப்பிட்டீர்கள்?

வழிப்போக்கன்:
போர்ச்சுகலிலோ பிரேசிலிலோ சாப்பிட்டவர்கள் மறக்க முடியாத ஒரு வேளையைச் சொல்லுங்கள். உணவக விமர்சனம் வேண்டாம். நானே ஆரம்பிக்கிறேன்.

போர்த்தோ நகரில் ஒரு கிறிஸ்துமஸ். வீட்டுக்கார அம்மா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். இரண்டு நாள் முன்பே பக்கல்யாவை ஊறப்போட்டுவிட்டார். உப்பிட்டுக் காயவைத்த காட் மீன் அது. நம் பாஷையில் கருவாடுதான், ஆனால் பலகை மாதிரி விறைத்திருக்கும். தோல் மேலே இருக்கும்படி வைத்தால்தான் உப்பு கீழே இறங்குமாம். தண்ணீர் மாற்றும்போதெல்லாம் ஒரு துணுக்கைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தார். உப்பு முழுக்கப் போனால் சப்பென்று ஆகிவிடும், போகாவிட்டால் வாயில் வைக்க முடியாது.

24-ஆம் தேதி ராத்திரி அதை உருளைக்கிழங்கு, கோஸ் கீரை, முட்டையோடு வெறுமனே வேகவைத்து, பூண்டு போட்ட ஆலிவ் எண்ணெயை மேலே ஊற்றினார். மசாலா எதுவும் கிடையாது. முதல் வாயில் எனக்குப் பிடிபடவில்லை, மூன்றாவது வாயில் பிடிபட்டது. இந்த மீனுக்காக அந்தக் காலத்தில் கனடாப் பக்கத்து நியூஃபவுண்ட்லாந்து வரை பாய்மரக் கப்பலில் போயிருக்கிறார்கள். இப்போது பெரும்பாலும் நார்வேயிலிருந்து வருகிறது. அப்படித் தூரத்திலிருந்து வரும் மீனுக்கு அவர்கள் வைத்த செல்லப்பெயர் 'விசுவாசமான நண்பன்'! மறுநாள் மிச்சத்தைப் பூண்டெண்ணெயில் பிரட்டித் தந்தார். அதற்குப் பெயர் 'பழந்துணி'. எனக்கு முந்தின ராத்திரியை விட அதுதான் ருசி.

மண்சட்டி:
நான் அக்கராஜே என்ற பொரித்த பலகாரம் பற்றிச் சொல்கிறேன். பிரேசிலில் பாஹியா மாநிலத்து சால்வடோர், ரியோ வெர்மேல்யு பக்கம் ஒரு தெருமுனை. வெள்ளைப் பாவாடை, தலைப்பாகை, கழுத்து நிறைய மணிமாலை. அப்படி உட்கார்ந்து விற்கும் பெண்களை பாயானா என்கிறார்கள். தோல் நீக்கி அரைத்த தட்டைப்பயறு, வெங்காயம், உப்பு, அவ்வளவுதான் மாவு. அந்த அம்மா மரக்கரண்டியால் அடித்த அடியில் மாவு நுரைத்துப் பொங்கியிருந்தது. உளுந்து ஆட்டிப் பழகிய கைக்கு அந்தப் பதம் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எண்ணெய்தான் வேறு. தெந்தே என்கிற, செக்கச்செவேலென்ற பனையெண்ணெய். அதன் வாசம் தெருவின் அடுத்த முனை வரை வரும்.

பொரித்ததைப் பிளந்து, உள்ளே வத்தப்பா வைப்பார்கள். ரொட்டியும் இறாலும் வேர்க்கடலையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கிண்டிய களி அது. மேலே காய்ந்த இறால், தக்காளி. 'கென்ச்சி?' என்று கேட்டார். சூடா என்று அர்த்தம். ஆமாம் என்றேன். அங்கே சூடு என்றால் மிளகாய்! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆனால் அந்தக் காரம் எனக்குத் தேவைப்பட்டது.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டது: இது மேற்கு ஆப்பிரிக்க யோருபா மக்களின் அக்காரா. இயன்சா என்ற புயல் தெய்வத்துக்குப் படைக்கும் உணவு. அடிமை முறை பிரேசிலில் 1888-இல்தான் ஒழிந்தது. அதற்கு முன் அடிமைப் பெண்கள் இதுபோன்ற பண்டங்களைத் தெருவில் விற்று, எசமானுக்குக் கட்டியது போக மிஞ்சிய காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கியிருக்கிறார்கள். 2005-இல் பிரேசில் அரசு தன் பண்பாட்டு மரபுப் பதிவேட்டில் ஏற்றியது பலகாரத்தை இல்லை, பாயானாக்களின் தொழிலை. அதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

காரைநகர்:
லிஸ்பன் பேக்கரியில் நான் வாய் தவறி 'பாண்' என்று கேட்டுவிட்டேன். உடனே எடுத்துத் தந்தார்கள். யாழ்ப்பாணத்தில் பிரெட்டை நாங்கள் பாண் என்பது போர்த்துக்கேயச் சொல்தான்; அவர்கள் அதை மூக்கால் சொல்கிறார்கள். வினாகிரியும் அப்படி வந்ததுதான். 1619-இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தவர்கள் 1658-இல் போய்விட்டார்கள், சொற்கள் எங்கள் குசினியிலேயே, அதாவது சமையலறையிலேயே, தங்கிவிட்டன. குசினியும் அவர்களுடைய சொல்லே!

தெற்குக்காற்று:
குடிக்கிற ஒன்றைச் சொல்கிறேன். பிரேசிலின் தென்கோடி மாநிலம் ரியோ கிராந்தே தோ சுல். வேலைக்குப் போன இடத்தில் காலையிலேயே ஒரு சுரைக்குடுக்கை கைமாறிக்கொண்டிருந்தது. உள்ளே பச்சைப்பசேலென்று மாத்தே இலைத்தூள், கொதிக்கவிடாத வெந்நீர், உலோகக் குழல். ஷிமர்ராவ் என்று பெயர். முதல் ஊற்றுதான் கடுங்கசப்பு என்பதால் தயாரித்தவரே அதைக் குடித்துவிடுவார். அப்புறம் வரிசையாக எல்லாருக்கும், ஒரே குழலில். எச்சில் பார்க்கும் வீட்டில் வளர்ந்தவன் நான். கொஞ்சம் தயங்கினேன், குடித்தேன். திருப்பிக் கொடுக்கும்போது மரியாதைக்கு 'ஒப்ரிகாதோ' என்றேன். அடுத்த சுற்றில் குடுக்கை என்னைத் தாண்டிப் போய்விட்டது.

பக்கத்தில் இருந்த பெரியவர்தான் விளக்கினார். நன்றி சொன்னால் 'எனக்குப் போதும்' என்று அர்த்தமாம். குழலை அசைக்கக் கூடாது. கொர்ரென்று சத்தம் வரும் வரை உறிஞ்சி முடிக்க வேண்டும். மறுநாளிலிருந்து ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்தேன். அங்கே இருந்த மூன்று மாதமும் என் முறை தவறவே இல்லை.

வழிப்போக்கன்:
மண்சட்டி அக்கா, தட்டைப்பயறுக்குத் தோல் எப்படி எடுப்பது? ஒவ்வொன்றாக உரித்தால் விடிந்துவிடுமே?

மண்சட்டி:
ஊறவைப்பதற்கு முன்பே ஒன்றிரண்டாக உடைத்துவிடுங்கள் தம்பி. அப்புறம் சில மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரில் அலசினால் தோல் மிதந்து வரும், வடித்துவிடலாம். மாவில் தண்ணீர் சேர்க்காதீர்கள். கை வலிக்கும் வரை அடியுங்கள்.