வனத்து அந்தோணியார் காலடியில் பன்றி எதற்கு?

அம்மாபேட்டை மாப்பிள்ளை:

எனக்குச் சேலம் அம்மாபேட்டை. மனைவியின் ஊர் ஏற்காடு மலையடிவாரத்தில், ஓமலூர்ப் பக்கம். அவர்கள் கத்தோலிக்கர்கள், நான் இல்லை. கல்யாணமாகி ஒன்பது வருடம் ஆகிறது. ஒவ்வொரு வருடமும் ஜனவரி 17 அன்று மாமியார் வீட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு கோயில் முன்னால் நிற்கிற வேலை என் தலையில்தான் விழும். அன்றைக்கு வனத்து அந்தோணியார் திருநாள். காலையில் பூசை, முற்றத்தில் வரிசையாகப் பொங்கல் பானைகள், அப்புறம் சாமியார் தீர்த்த வாளியோடு வந்து மாடு, ஆடு, கோழி எல்லாவற்றையும் மந்திரிப்பார். எங்கள் மாட்டுக்குக் கொம்பில் நீல வண்ணம்தான் அடிக்க வேண்டும், அது மாதாவின் நிறம் என்பது அத்தையின் கட்டளை. அவர்களுக்கு இதுதான் அறுவடைத் திருநாள்.

இந்த வருடம் ஒரு சங்கடம். ஊரில் ஒரு பையன் கடன் வாங்கி வெண்பன்றிப் பண்ணை வைத்திருக்கிறான். போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து பாதிக் குட்டிகள் போய்விட்டன. மிச்சத்தில் ஒரு குட்டியைத் தக்காளி ட்ரேயில் வைத்து மந்திரிக்கக் கொண்டு வந்துவிட்டான். பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் பிடித்துக்கொண்டார்கள். 'இயேசு பசாசுகளை விரட்டி எதுக்குள்ள அனுப்பினாரு? பன்னிக்குள்ளதான? அதைப் போய் கோயிலுக்குக் கொண்டு வர்றியே' என்று ஒருவர் சத்தம் போட்டார். சாமியார் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, பாவம், 'இந்த வருடம் இருக்கட்டும், அடுத்த வருடம் பார்ப்போம்' என்று நகர்ந்துவிட்டார். பையன் ட்ரேயைத் துண்டால் மூடிக்கொண்டு புளியமரத்தடியில் போய் நின்றான்.

அப்போது என் மகன் (வயது ஏழு, குரல் எழுபது வயதுக்காரர் குரல்) சப்பரத்தைக் காட்டி, 'சாமி காலுக்குக் கீழயே பன்னி நிக்குதே!' என்றான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நிற்கிறதுதான். தாடி வைத்த கிழவர், கையில் டி எழுத்து மாதிரி ஒரு கோல், காலடியில் சின்னப் பன்றி, அதன் கழுத்தில் மணி. ஒன்பது வருடமாக அந்தச் சுரூபத்தைப் பார்க்கிறேன், ஒரு நாளும் கவனித்ததில்லை.

யாருக்கும் பதில் தெரியவில்லை. உபதேசியார் 'அது வெளிநாட்டுல ஏதோ மடத்து விவகாரம்' என்று முடித்துக்கொண்டார். எந்த மடம், என்ன விவகாரம்? அப்புறம் இன்னொன்று: பொங்கலுக்கு ஒட்டினாற்போல இந்தத் திருநாள் வருவது வேண்டுமென்றே வைத்ததா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிச்சிப்பாளையம் கிங்:

இதில் என்ன ஆராய்ச்சி? பன்றி என்றால் பசாசு. அவர் சோதனையை ஜெயித்தவர், அதனால் அது காலடியில் கிடக்கிறது. எங்கள் ஞானோபதேச டீச்சர் சொன்னது. முடிந்தது.

மலைமேல் கணக்குப்பிள்ளை:

கிங், அவ்வளவு சீக்கிரம் முடிக்காதீர்கள். ஆறு வருடம் குருமடத்தில் இருந்துவிட்டு வெளியே வந்தவன் நான். இப்போது ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். பழம் பறிப்பு முடிகிற நேரம், கூலிக் கணக்கு குவிந்து கிடக்கிறது. இருந்தாலும் இந்தக் கேள்வியை விட்டுப் போக மனசில்லை.

முதலில் ஆளைச் சரியாகப் பிடிப்போம். குழந்தை இயேசுவைக் கையில் வைத்திருப்பவர் பதுவை அந்தோணியார். ஜூன் 13 திருநாள்காரர், லிஸ்பனில் பிறந்தவர். அவர் பிரான்சிஸ்கன் சபைக்குப் போனபோது நம்முடைய இந்த மூத்தவரின் பெயரைத்தான் எடுத்துக்கொண்டார். மூத்தவர் எகிப்துக்காரர். 251-ல் பிறந்து 356-ல் இறந்தார், 105 வயது. வனம் என்றால் நம் சேர்வராயன் காடு மாதிரி நினைக்க வேண்டாம், அது பாலைவனம்.

அவர் விவசாயி வீட்டுப் பிள்ளை என்பது பலருக்குத் தெரியாது. அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியார் அவருடைய வரலாற்றை எழுதியிருக்கிறார். பரம்பரை நிலம் 300 அரூரா என்று அதில் வருகிறது, நம் கணக்கில் சுமார் 200 ஏக்கர். எல்லாவற்றையும் ஊராருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கடைசியில் பாலைவனத்து மலையடிவாரம் ஒன்றில், அடுத்தவர் தனக்கு ரொட்டி சுமந்து வருவது பிடிக்காமல், ஒரு மண்வெட்டியும் கோடரியும் கொஞ்சம் கோதுமையும் கேட்டு வாங்கி, தானே விதைத்து அறுத்தார். தண்ணீர் குடிக்க வந்த காட்டு மிருகங்கள் பயிரை நாசம் செய்தன. அவர் ஒன்றை மெதுவாகப் பிடித்து நிறுத்தி, 'நான் உங்களுக்கு ஒன்றும் செய்யவில்லையே, நீங்கள் ஏன் எனக்குச் செய்கிறீர்கள்?' என்று கேட்டாராம். அதன்பிறகு அவை வரவில்லை. எங்கள் தோட்டத்தில் காட்டுமாடு இறங்கியபோது தூரத்தில் நின்று நானும் இதையே கேட்டுப் பார்த்தேன். அது காது கொடுக்கவில்லை.

இனி பன்றி. எகிப்தில் இவருக்கும் பன்றிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பன்றி வந்து சேர்ந்தது பிரான்சில், இவர் இறந்து எழுநூறு வருடத்துக்கு மேல் கழித்து. 11-ம் நூற்றாண்டில் இவருடைய எலும்புகள் என்று நம்பப்பட்டவற்றை ஒரு பிரபு கான்ஸ்தாந்திநோபிளிலிருந்து தென்கிழக்கு பிரான்சுக்குக் கொண்டு வந்தார். அந்த ஊருக்கு இன்றைய பெயர் சேன்-அந்துவான்-லாபே. பெயரிலேயே மடம் இருக்கிறது. உங்கள் உபதேசியார் சொன்ன மடம் அதுதான்.

அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் ஒரு கொடிய நோய். கை கால் தீப்பிடித்த மாதிரி எரியும், அப்புறம் கறுத்துச் சுருங்கி, சில சமயம் தானாகவே கழன்று விழும். அதை 'அந்தோணியார் நெருப்பு' என்றே அழைத்தார்கள். காஸ்தோன் என்ற பிரபுவின் மகன் இங்கே வேண்டிக்கொண்டு பிழைத்தான், அதற்கு நன்றியாக 1095-ல் அப்பாவும் மகனும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஒரு கூட்டத்தைத் தொடங்கினார்கள் என்பது சபையின் மரபுக் கதை. 1297-ல் பாப்பரசர் எட்டாம் போனிபாஸ் அதை அகுஸ்தினார் ஒழுங்கைப் பின்பற்றும் தனிச் சபையாக்கினார். கறுப்பு அங்கி, அதில் நீல நிறத்தில் டி வடிவச் சிலுவை. உங்கள் அத்தையின் நீலக் கொம்புக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது, ஆனாலும் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது.

இந்தச் சபையின் மருத்துவமனைகள் ஐரோப்பா முழுக்கப் பரவின. வைத்தியம் என்ன? நல்ல கோதுமை ரொட்டி. அந்தோணியார் எலும்பின் மேல் ஊற்றி எடுத்த திராட்சை ரசம். எரிகிற இடத்தில் பன்றிக் கொழுப்பில் குழைத்த மூலிகைக் களிம்பு. அழுகிவிட்டால் அறுத்து எடுப்பது. கொழுப்புக்கும் கறிக்கும் பன்றி வேண்டுமே! தெருவில் பன்றி விடக் கூடாது என்று நகரங்கள் சட்டம் போட்டபோதும் அந்தோணியார் மடத்துப் பன்றிகளுக்கு விலக்குக் கிடைத்தது. பாரிஸில் 1131-ல் ஒரு பன்றி குறுக்கே ஓடிக் குதிரை இடறியதில் இளவரசர் பிலிப்பே இறந்துபோனார், ஆகவே அந்த விலக்கு சாதாரண விஷயம் இல்லை. விலக்குக்கு அடையாளம் கழுத்து மணி. மணிச் சத்தம் கேட்டால் ஊர்க்காரர்கள் வாசலில் மிச்சம் மீதி போடுவார்கள். நம் ஊரில் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடா எந்த வீட்டில் மேய்ந்தாலும் அடிக்க மாட்டோம் அல்லவா, அதே கதைதான். ஆக, சுரூபத்தில் நிற்பது பசாசு இல்லை, ஏழை நோயாளிகளுக்காக ஊரே வளர்த்த பன்றி.

கிங் சொன்னதையும் முழுசாகத் தள்ள முடியாது. பசாசு என்ற விளக்கமும் வெகுகாலமாக உண்டு. ஆனால் அத்தனாசியார் எழுதியதை எடுத்துப் பாருங்கள்: அந்தோணியாரைப் பயமுறுத்தப் பசாசுகள் சிங்கமாக, கரடியாக, சிறுத்தையாக, காளையாக, பாம்பாக, தேளாக, ஓநாயாக வந்தன என்கிறார். பட்டியலில் பன்றி இல்லை, காளை இருக்கிறது! அந்தப் பெரியவர்கள் கணக்குப்படி அன்றைக்கு மரத்தடிக்குப் போயிருக்க வேண்டியது உங்கள் மாமியார் வீட்டு மாட்டு வகையறா.

பொங்கல் கேள்விக்கு: வேண்டுமென்றே வைத்தது இல்லை. ஜனவரி 17 அவருடைய நினைவு நாளாகப் பழங்காலத்திலிருந்தே உள்ளது. ஸ்பெயினிலும் இத்தாலியிலும்கூட அன்றுதான் குதிரை, கழுதை, பன்றி எல்லாம் மந்திரிக்க வரும். நகர்ந்து வந்தது நம் பொங்கல்தான். தை முதல் நாள், ஆங்கிலக் காலண்டரில் சுமார் எழுபது வருடத்துக்கு ஒரு நாள் தள்ளிப் போகும். விவேகானந்தர் பிறந்த 1863-ல் மகர சங்கராந்தி ஜனவரி 12. இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்த 1623-ல் அதற்கும் முன்னால், ஜனவரி 9 வாக்கில் இருந்திருக்கும். அன்றைக்கு ஒரு வார இடைவெளி இருந்த இரண்டும் இன்று தோளோடு தோள் உரசுகின்றன.

அம்மாபேட்டை மாப்பிள்ளை:

கணக்குப்பிள்ளை ஐயா, காளை விஷயம் ஒன்று போதும், அத்தையிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அந்த நோய் எதனால் வந்தது?

ஓய்வு பெற்ற நர்ஸம்மா:

அதை நான் சொல்கிறேன் தம்பி. ரை என்று ஒரு தானியம், குளிர் தேசத்து ஏழைகளின் ரொட்டி அதில்தான். மழை, ஈரம் அதிகமான வருடத்தில் கதிரில் பூஞ்சணம் பிடித்து, மணி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாகச் சேவல் கால் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். எர்காட் என்பார்கள். அதோடு சேர்த்து அரைத்துத் தின்றால் ரத்தக் குழாய்கள் சுருங்கி, ரத்தம் போகாமல் கை கால் கறுத்துவிடும். நோய்க்குக் காரணம் இந்தத் தானியம்தான் என்று 1676-ல் பிரெஞ்சு மருத்துவர் தொதார் அங்குள்ள அறிவியல் கழகத்துக்கு எழுதினார். அதுவரை மடத்துக்காரர்களுக்கும் தெரியாது. ஆனால் நோயாளி மடத்தில் இருந்த நாள் வரைக்கும் கோதுமை ரொட்டி தின்றானே, அதுவே பாதி வைத்தியம்.

இதை எனக்கு எப்படித் தெரியும் என்றால், பிரசவ வார்டில் 31 வருடம் வேலை பார்த்தவள். குழந்தை பிறந்தபின் உதிரம் நிற்காவிட்டால் போடும் மெதர்ஜின் ஊசி இதே எர்காட் வம்சம்தான். கர்ப்பப்பையையும் ரத்தக் குழாயையும் சுருக்கி ரத்தத்தை நிறுத்தும். பிபி உள்ள பெண்ணுக்குப் போடக் கூடாது. ஊசி குளிரில் இருக்க வேண்டும், கரண்ட் போனால் ஐஸ் பெட்டியைத் தேடி நாங்கள் ஓடிய ஓட்டம் எங்களுக்குத்தான் தெரியும். கையைக் கழற்றிய அதே விஷம் இங்கே எத்தனையோ தாய்மாரைக் காப்பாற்றியது.

எடப்பாடி கம்பங்காடு:

நர்ஸம்மா சொல்வது நம் கம்பிலும் வரும். தேன் ஒழுகல் நோய் என்போம். பூக்கும் சமயம் மேகமும் தூறலுமாக இருந்தால் கதிரில் தேன் மாதிரி சொட்டும், ஈயும் எறும்பும் மொய்க்கும், அப்புறம் கறுப்பாக இறுகிவிடும். தின்றால் வாந்தி, தலைச்சுற்றல், மயக்கம். கை கால் அழுகுவது இதில் கேள்விப்பட்டதில்லை, கம்பில் உள்ள விஷம் வேறு வகை. விதைக்கும் முன்பு 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ உப்பைக் கரைத்து விதையைப் போட்டால் நோய் பிடித்ததெல்லாம் மிதக்கும். அதை அள்ளி எறிந்துவிட்டு, மிச்சத்தை இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். அந்த மடத்துக்காரர்களுக்கு ஒரு மூட்டை உப்பு அனுப்பியிருக்கலாம்.

கிச்சிப்பாளையம் கிங்:

சரி சரி, தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். அந்த மடம் இப்போது இருக்கிறதா?

மலைமேல் கணக்குப்பிள்ளை:

சபை இல்லை. நோய் குறைந்ததும் ஆளும் குறைந்து, 1770-களில் இன்னொரு கத்தோலிக்கச் சபையான மால்டா சபையோடு சேர்த்துவிட்டார்கள். அடுத்து பிரெஞ்சுப் புரட்சி. கோயில் நிற்கிறது. அவர்களுடைய இன்னொரு மருத்துவமனை இசன்ஹைமில் இருந்தது. அதற்காக ஜெர்மன் ஓவியர் குருனவால்ட் வரைந்த பீடப் படம் பிரான்சின் கோல்மார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, இணையத்தில் தேடிப் பாருங்கள். அந்தோணியாரைப் பசாசுகள் இழுத்துப்போடும் காட்சியில், இடது மூலையில் வயிறு வீங்கி உடம்பெல்லாம் புண்ணாக ஒருவன் கிடப்பான். வார்டில் படுத்திருந்தவர்கள் அவனைப் பார்த்து யாரை நினைத்திருப்பார்கள் என்று யோசித்தால் அன்றைக்குத் தூக்கம் வராது.

அம்மாபேட்டை மாப்பிள்ளை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஞாயிறு, ஊருக்குப் போயிருந்தோம். கணக்குப்பிள்ளை ஐயா எழுதியதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். காளை பகுதி வந்ததும் 'அதை அவங்ககிட்டச் சொல்லாத, அடுத்த வருசம் மாட்டையும் நிறுத்திப்புடுவாங்க' என்றார். கம்பு பகுதிக்கு, 'உப்புத் தண்ணி எங்க அம்மா காலத்துலயே போட்டதுதான்' என்று ஒரே வரி.

பூசை முடிந்து உபதேசியாரிடமும் போனைக் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார். பிறகு சப்பரக் கொட்டகையைத் திறந்து, துணியை விலக்கி, பன்றியின் கழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். பண்ணைப் பையன் சைக்கிளோடு வெளியே நின்றிருந்தான். 'ஃபாதர்கிட்ட நான் பேசறேன். அடுத்த வருசம் கொண்டா. ஆனா சும்மா கொண்டு வராத, மணி கட்டிக் கொண்டா' என்றார்.

என் மகன் இப்போது எங்கள் மாட்டு மணியைக் கழற்றித் தரச் சொல்லி அடம் பிடிக்கிறான்.